இரண்டு மனுக்கள்

புளியரை_ராணி என்று கேட்டேன்.
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாம்.
இரண்டு என்று சேர்த்தேன், அவளும் இருந்தாள்.
மூன்றாவது ராணியாக
உப்புத் தீவில் கரையிறங்கினேன்.

இத்தனூண்டு ஊரில்
மற்ற ராணிகள் யார்?
பால் சொசைட்டியில் ரசீது கிழிக்கிறவள்மேல் ஒரு சந்தேகம்.
செக்போஸ்ட் ஏட்டையாமேலும்.

விதிமுறை நாற்பத்தொரு பக்கம்.
கட்டைவிரலால் ஒரே இழுப்பு. அடியில் 'சம்மதம்'.
எடைச்சீட்டில் டிரைவர்கள் கையெழுத்துப் போடுவதும்
இப்படித்தான்,
என் மேசை ஃபிளாஸ்கில் டீ மிச்சமா என்று பார்த்தபடி.

ராத்திரி வேலை எனக்கு.
கோட்டைவாசல் ஏறுமுன் லாரிகள் வந்து மேடையில் நிற்கும்.
சிமெண்ட், கோழித்தீவனம், வாழைத்தார், எம்-சாண்ட்.
மொத்த எடை, வெறும் வண்டி எடை, கழித்தால் சரக்கு.
இடைவெளியில் பாத்தி கட்டுவேன், கடல்நீர் பாய்ச்சுவேன்,
விடியும்போது வெள்ளையாய் விளைந்திருக்கும்.

பகலில்தான் வினை.
நான் தூங்கும் நேரம் பார்த்து
எந்த நாட்டிலோ விழித்திருப்பவன் படகில் வந்து
உப்பை அள்ளிக்கொண்டு போவான்.
காவலுக்கு ஆள் வேண்டும்.

தீவன லாரியின் கிளீனர் ஜிஜின்,
ஊர் புனலூர், பகலெல்லாம் சும்மா இருப்பவன்.
"பாஸ்வேர்டு தாங்க சேச்சி, நான் நோக்கிக்கறேன்."
ஒரு பழைய எடைச்சீட்டின் முதுகில்
எழுதிக் கொடுத்தேன்.

நாலு மாதம் உப்பு குறையவில்லை.
அவனாக ஒரு கலங்கரை விளக்குகூடக் கட்டியிருந்தான்,
கொஞ்சம் சாய்வாக.
சொல்லவில்லை, சாயட்டும் என்று விட்டேன்.

பிறகு ஒரு விடிகாலை, சிவப்புப் பெட்டி:
ஒரே நிமிடத்தில்
தென்காசியிலும் கொல்லத்திலும் விளையாடியிருக்கிறீர்கள்.
ஒருவருக்கு ஒரு கணக்கு. ஒரு கணக்குக்கு ஒருவர்.
கடவுச்சொல்லைப் பிறருக்குத் தரலாகாது.
கணக்கு உங்கள் சொத்து அல்ல, உபயோகிக்க அனுமதி மட்டுமே.
விளக்கம் இருந்தால் எழுதவும்.

அன்றுதான் நாற்பத்தொரு பக்கத்தையும் வாசித்தேன்.
விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது,
தொண்ணூறு நாள் எட்டிப் பார்க்காவிட்டால் தீவைக் கடல் கொள்ளும்.
தூங்குகிறவளுக்கு என்ன வழி என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

எழுதினேன்:
ஐயா, எங்கள் ஊர் அப்படி.
மேடையில் நின்றால் போனுக்குத் தமிழ்நாடு,
டீக்கடைப் பக்கம் நாலு எட்டு வைத்தால்
கேரளம் வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி.
மாநிலம் மாற ஒரு நிமிடம் எதற்கு,
ஒரு தும்மல் போதும்.
இப்படிக்கு, முப்பிடாதி, புளியரை_ராணி_3.

ஒவ்வொரு வரியும் சத்தியம்.
ஜிஜின் பெயரை மட்டும் எழுதவில்லை.

பதில் மூன்றாம் நாள் வந்தது:
இக்கணக்கு சார்பாக எங்களுக்கு இரண்டு மனுக்கள் வந்துள்ளன.
இரண்டாவதில் ஒருவர்,
'கடவுச்சொல்லைத் திருடியது நான்,
அவங்களுக்கு ஒன்றும் தெரியாது,
தண்டனை எனக்குத் தாருங்கள்' என்கிறார்.
ஆகவே இருவர் என்பது உறுதியாகிறது.
கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.

சிரித்தேனா, அழுதேனா, ஞாபகமில்லை.
வெளியே ஹாரன்.

மழை. தீவன லாரி மேடை ஏறியது.
டிரைவர் இறங்கிவிட்டார்.
எடை போடும்போது வண்டியில் ஆள் இருக்கக் கூடாது என்று
மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம், இரண்டு மொழியிலும்.
அவன் கேபினிலேயே உட்கார்ந்திருந்தான்,
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"இறங்குல" என்று மைக்கில் சொல்லியிருக்கலாம்.
சிவப்பு எண்கள் ஆடி ஆடி ஓய்ந்தன.
அறுபது கிலோ அதிகம்.

அதையும் சேர்த்தே
சீட்டு அடித்தேன்.